சூட்கேஸில் போன டர்போ

1

நேற்று இந்த ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. என் டர்போ என்ன ஆயிற்று என்று கேட்கிறார்கள்.

மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். இங்கே மரியாதைக்குக் குறைச்சலே கிடையாது. வாகனத்தில் டர்போ பொருத்துவதற்காக நான் கொடுத்த விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருக்கிறதாம். பதினான்கு நாட்களுக்குள் நாலு கட்டத்தில் ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டுமாம். பொருத்தப்பட்டது, அகற்றப்பட்டது, விற்கப்பட்டது, உடைத்துப் போடப்பட்டது. நான் எதில் அடிப்பது? வேலூர்ப் பக்கத்து ஒடுகத்தூரில், என் தம்பி வண்டியில், கழற்றிவிடு என்று சொல்லிவிட்டு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அவர்கள் கட்டம் வைக்கவில்லை.

காலையில், நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் கேரட் சீவிக்கொண்டிருந்தபோதும் அதே நினைப்பாகவே இருந்தது. பக்கத்தில் நின்றவள் முகம் ஏன் இப்படி இருக்கிறது, வயிறு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அடுத்த கேரட்டை எடுத்துக்கொண்டேன்.

2

ஆஸ்திரேலியாவில், பெரிய நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன ஊரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். என் வீட்டுக்காரர் குமரேசன் இங்கே டிராக்டர் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக். அதற்கு முன் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடுகிற ஷாப்பில் ஃபிட்டராக இருந்தார். நான் அதே ஆம்பூரில் ஷூ கம்பெனியில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற செக்‌ஷனில் ஒன்பது வருடம் இருந்தேன். எங்கள் ஒரே மகன் நவீனுக்குப் பத்தொன்பது வயது. அவனுக்குத் தமிழ் புரியும், பேசச் சொன்னால் மட்டும் பல்வலி வந்தவன்போல் முகத்தை வைத்துக்கொள்வான்.

இந்த ஊரில் பையன்கள் பதினெட்டு முடிந்த கையோடு பின்னால் திறந்த தொட்டி வைத்த ஒரு பழைய பிக்கப் வாங்கிவிடுவார்கள். எதை ஏற்றப் போகிறாய் என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்தத் தொட்டிகளில் நான் இதுவரை பார்த்த சரக்கு ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு நாயும்தான். நவீனும் வாங்கினான். இன்சூரன்ஸ் குறையும் என்று என் பேரில் வாங்கினான். வாங்கிய மூன்றாவது மாதம், வண்டி இழுக்கவில்லை, டர்போ போட வேண்டும் என்றான். நாயை இழுக்க எத்தனை குதிரை வேண்டும் என்று கேட்டேன். அடுத்த வாரமே அட்டைப்பெட்டியில் ஒன்று வந்து இறங்கியது.

டர்போ என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் வெளியே தள்ளுகிற புகை சும்மா போகாமல் ஒரு குட்டி விசிறியைச் சுற்றிவிட்டுப் போகும். அந்த விசிறி இன்னொரு விசிறியைச் சுற்றி, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும். காற்று கூடினால் டீசலைக் கூட்டலாம், டீசல் கூடினால் வலு கூடும். பார்ப்பதற்கு இரும்பில் செய்த நத்தை மாதிரி இருக்கும். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வலுவைக் கூட்ட இந்த அரசாங்கத்தில் பதினோரு பக்கம் படிவம். வண்டி என் பேரில் இருந்ததால் நான்தான் லீவு போட்டுவிட்டுப் போய் நின்றேன். ஜன்னலில் இருந்த அம்மாள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஏழாவது கேள்வியில் விரலை வைத்தாள். வலுவைக் கூட்டுகிறீர்கள், பிரேக்கைச் சோதித்துச் சான்றிதழ் வாங்கினீர்களா என்று கேட்டாள். வண்டி வேகமாகப் போவதற்கு மனு கொடுத்தால் நிற்பதைப் பற்றிக் கேட்கிறாளே என்று எனக்கு எரிச்சல். என் இங்கிலீஷ் கோபத்தில் எப்போதும் காலை வாரும். பையன் ரொம்ப மெதுவாக ஓட்டுவான் என்று சொல்ல நினைத்து, பையன் மெதுவான புத்தி உள்ளவன் என்கிற மாதிரி எதையோ சொல்லிவிட்டேன். அவள் சிரிக்காமல், அப்படியானால் ஓட்டுபவரின் உடல்நிலையைக் கேட்கிற இரண்டாம் பக்கமும் நிரப்ப வேண்டும் என்றாள்.

நவீனுக்குப் பிரேக்கில் ஆசை இல்லை, சான்றிதழ் வாங்கவில்லை, விண்ணப்பம் அப்படியே கிடந்தது. பிரேக் சத்தம் போடாது அல்லவா, அதனால்தான் என்று நினைக்கிறேன். ஒரு மாதத்தில் அவன் கவனம் வேறு எதிலோ போய்விட்டது. டர்போ அட்டைப்பெட்டியோடு கார் ஷெட்டின் மூலையில் கிடந்தது. நான் துவைக்கிற துணியை அதன்மேல்தான் வைப்பேன்.

3

போன பொங்கலுக்கு நான் மட்டும் ஊருக்குப் போவதாக முடிவானதும் தம்பி சிவா போனில் கேட்டான். "இன்னாக்கா, நவீனு வண்டிக்கு வாங்குன டர்போ சும்மாத்தான் கீதாமே? மாமா சொன்னாரு. அத்த எனக்கு எடுத்தாந்துடேன்."

சிவாவிடம் பத்து வருடப் பழைய பிக்கப் ஒன்று இருக்கிறது. டர்போ இல்லாத பழைய டீசல் எஞ்சின். பகலில் ஆம்பூரிலிருந்து மேல்விஷாரத்துக்கு வெட் புளூ ஏற்றிப் போவான். குரோமியத்தில் ஊறி நீலமாக, ஈரமாக, முடைநாற்றத்தோடு இருக்கிற தோலுக்குத்தான் அந்தப் பேர். காலையிலும் சாயங்காலமும் அதே தொட்டியில் பெண்களை ஏற்றுவான்.

எங்கள் ஒடுகத்தூருக்கு மேலே காட்டுச் சாலையில் நாலு சின்ன ஊர் இருக்கிறது. அங்கிருந்து முப்பது பெண்களுக்கு மேல் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வருகிறார்கள். கம்பெனி பஸ் ஒடுகத்தூர் வரைக்கும்தான் வரும், மலை ஏறாது. கவர்ன்மென்ட் பஸ் அந்த நேரத்துக்குக் கிடையாது. அதனால் சிவாவின் பிக்கப்தான் பஸ். முப்பது பேரையும் சேர்த்து ஏற்றினால் மேட்டில் வண்டி முனகி நின்றுவிடும் என்பதால் இரண்டு நடையாக அடிப்பான். சாயங்காலம் முதல் நடையில் பாதிப்பேர் ஏறிப் போவார்கள். மீதிப்பேர் மூடிக்கிடக்கிற ரேஷன் கடை முன்னால் ஒரு மணி நேரம் நிற்பார்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் ஒதுங்க ஓர் இடம் கிடையாது.

எனக்கு அந்தக் கஷ்டம் தெரியும். எங்கள் காலத்தில் வண்டியும் கிடையாது, நடந்துதான் போவார்கள், என்னோடு தைத்த பெண்களை அப்படி அனுப்பிவிட்டு நான் ஒடுகத்தூரிலேயே வீடு இருந்த சுகத்தில் திரும்பியிருக்கிறேன். டர்போவைக் கொண்டுபோகிறேன் என்று உடனே சொன்னேன். வெளிநாட்டிலிருந்து சாக்லேட்டும் வலிநிவாரணத் தைலமும் கொண்டுபோகிற அக்காவாக இருந்து சலித்துவிட்டது. ஒரு தடவையாவது உருப்படியான சாமானோடு போய் இறங்க வேண்டும் என்ற பெருமைதான், வேறென்ன.

சென்னை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். புடவைகளுக்கு நடுவில் இரும்பு நத்தை உட்கார்ந்திருந்தது. இது என்ன என்றார். தம்பிக்கு என்றேன். தம்பிக்கு என்றால் எதற்கு என்றார். மேடு ஏறுவதற்கு என்றேன். அவர் தன் மேலதிகாரியைக் கூப்பிட்டார், மேலதிகாரி இன்னொருவரைக் கூப்பிட்டார், மூவரும் அதை உருட்டிப் பார்த்து, விசிறியை விரலால் சுற்றி விளையாடிவிட்டுப் போகச் சொன்னார்கள். அவசர அவசரமாக எல்லாவற்றையும் பெட்டிக்குள் அடைத்தேன். டர்போவோடு வந்த சின்ன பிளாஸ்டிக் உறை மேஜைமேலேயே இருந்துவிட்டது. வேலூர் தாண்டும்போதுதான் அது ஞாபகம் வந்தது. அதில் இருந்தது கேஸ்கட். இரும்போடு இரும்பு சேருகிற இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் இருக்க நடுவில் வைக்கிற, சூடு தாங்குகிற தகடுகள்.

4

ஆம்பூரில் அன்வர் பாய் என்ற மெக்கானிக்கிடம் வண்டியை விட்டோம். ஐம்பது தாண்டியவர், நிதானமான ஆள். டர்போவைக் கையில் வாங்கி, "மாஷா அல்லாஹ், புது மாப்பிள்ள மாதிரி கீது" என்றார். இரண்டு நாளில் குழாய் வெல்டிங் எல்லாம் முடித்து உட்காரவைத்துவிட்டார். எண்ணெய்க் குழாய் சேருகிற இடத்தில்தான் வேலை நின்றது.

"பேக்கிங் எங்கம்மா? டப்பாலேயே வந்திருக்கணுமே."

கேஸ்கட்டுக்கு எங்கள் பக்கத்தில் பேக்கிங் என்றுதான் பேர். விட்டுவிட்டு வந்த கதையைச் சொன்னேன்.

"பரவால்ல. சென்னைல சொல்லி வரவழைக்கறேன். நாலஞ்சு நாள் பொறுங்க."

எனக்கு ஆஸ்திரேலியா திரும்ப ஐந்து நாள்தான் இருந்தது. நான் கொண்டுவந்த சாமான் மேடு ஏறுவதை நான் பார்க்க வேண்டாமா? அப்போதுதான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. "பாய், ஆம்பூர்ல உக்காந்துகினு வாஷருக்கு சென்னைக்கு ஆள் அனுப்புவீங்களா?"

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது புரியும். எங்களுக்கு ஒழுகுகிற எதற்கும் மருந்து தோல்தான். அடிபம்பா, சைக்கிள் பம்பா, மண்ணெண்ணெய் அடுப்பா, குழாயா, ஒரு துண்டுத் தோலை வட்டமாக வெட்டி உள்ளே போட்டால் முடிந்தது. ஊரில் தோல் துண்டு இல்லாத வீடு கிடையாது. குமரேசன் ஆஸ்திரேலியா வந்த முதல் மாதம், ஒர்க்ஷாப் காற்றுப் பம்பு ஒழுகுகிறது என்று தன் பழைய பெல்ட்டை வெட்டி வாஷர் போட்டார். ஃபோர்மன் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். மறுநாள் அதைக் கழற்றி, இப்படிச் செய்யாதீர்கள் என்ற சீட்டோடு நோட்டீஸ் போர்டில் குத்திவைத்திருந்தான். இவர் அந்த அவமானத்தை இன்னும் ஒரு விருது மாதிரிச் சொல்லிக்கொள்வார். அது ஒழுகவில்லை பார்த்தாயா என்பார்.

அன்வர் பாய் தாடியைத் தடவினார். "பம்பு வேறம்மா. இது சூடு ஜாஸ்தி. தோலு தாங்குமான்னு எனக்கு டவுட்டா கீது."

"எண்ணெ போற வழி தானே பாய். நெருப்பு போற வழி இல்லியே" என்றேன். ஒன்பது வருடம் தோலைத் தைத்தவள் என்ற திமிர் எனக்கு. சிவா தொட்டியில் கிடந்த வெட்டுத் துண்டுகளில் தடிப்பான ஒன்றைப் பொறுக்கிவந்தான். பாய் அரை மனதோடு வெட்டினார். "தற்காலிகம்தான். ஒரு வாரத்துல மாத்திடணும்" என்று இரண்டு தடவை சொன்னார். அவர்மேல் ஒரு குற்றமும் கிடையாது, இதை இங்கே எழுதிவைத்துவிடுகிறேன்.

அன்றைக்குக் குமரேசன் போனில் கேட்டது ஒரே கேள்வி. "பிரேக் பாத்தானா?"

"நீங்களும் அந்த ஜன்னல் அம்மா மாதிரி ஆய்ட்டீங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். வாஷர் கதையை அவரிடம் சொல்லவே இல்லை.

5

மறுநாள் சாயங்காலம் கம்பெனி பஸ் ஒடுகத்தூரில் பெண்களை இறக்கியது. சிவா வண்டிக் கதவைத் தட்டி, "இன்னிலேர்ந்து ஒரே நடைதான். எல்லாரும் ஏறுங்க" என்றான்.

யாரும் நம்பவில்லை. கலைவாணி என்றொரு பெண், முப்பது வயதிருக்கும், நான் தைத்த அதே லைனில் இப்போது மெஷினில் இருப்பவள், தொட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பாதி வழில எறக்கி தள்ளச் சொல்ல மாட்டியே?"

"ஏறிப் பாரு, அப்புறம் பேசு."

முப்பத்திரண்டு பேர். நான் எண்ணினேன். எனக்கு முன் சீட். நான் வெளிநாட்டு அக்கா இல்லையா. தொட்டியில் பகலில் ஏற்றின வெட் புளூவின் தண்ணீர் இன்னும் காயவில்லை. உட்கார வழியில்லாமல் நின்றவர்களின் புடவை ஓரமெல்லாம் மங்கலாக நீலம் பாய்ந்திருந்தது. அந்த நாற்றத்தில் அவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வண்டி மேட்டில் ஏறியது. வழக்கமாக முதல் கியரில் முக்குகிற இடத்தில் மூன்றாவதில் போனது. விசில் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் எஞ்சினிலிருந்து வந்தது. பின்னாலிருந்து கூச்சல் போட்டார்கள். சிவா என் பக்கம் திரும்பி, "பாத்தியாக்கா" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த நிமிஷத்தை மறைக்க மாட்டேன். என் வாழ்நாளில் ஊருக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நினைத்தேன்.

இறங்கும்போது கலைவாணி ஜன்னல் பக்கம் வந்தாள். "அக்கா, ரேஷன் கட வாசல்ல நின்னு நின்னு மூத்திரக் கடுப்பே வந்துடுச்சு எங்களுக்கு. நீங்க நல்லா இருக்கணும்."

முப்பத்திரண்டு பேரை ஏற்றிப் போக வண்டிக்கு வலு வந்துவிட்டது. அதே முப்பத்திரண்டு பேர் காலையில் இறங்க வேண்டும் என்பது எனக்கோ சிவாவுக்கோ அந்தச் சந்தோஷத்தில் உறைக்கவில்லை.

6

காலையில் நானும் கூடப் போனேன். ஒரு நடைக்குப் பதினாறு பேரை இறக்கிப் பழகிய வண்டி, முப்பத்திரண்டு பேரோடு கிளம்பியது. ஆஸ்திரேலியாவில் பழகின பழக்கத்தில் கை தானாகவே சீட் பெல்ட்டைத் தேடியது. அது சீட்டுக்குப் பின்னால் தூசியில் புதைந்திருந்தது. இழுத்து, தட்டிவிட்டு மாட்டிக்கொண்டேன். சிவா சிரித்தான். "இன்னாக்கா, ஏரோப்ளேனா?"

இறக்கத்தில் அவன் பிரேக்கை மிதித்துக்கொண்டேதான் வந்தான். சுமை வண்டியைப் பின்னாலிருந்து தள்ளியது. பாதி வழிக்கு மேல் வந்திருப்போம், முதலில் நாற்றம் வந்தது. மயிர் கருகுகிற நாற்றம். எனக்கு உடனே தெரிந்தது. ஷூ கம்பெனியில் வேலை செய்த யாருக்கும் தெரியும். வருகிற தோல் அசலா போலியா என்று ஓரத்தில் நெருப்புக் குச்சி வைத்து மோந்து பார்ப்போம். அசல் என்றால் இப்படித்தான் நாறும். அடுத்த நொடி பானெட் இடுக்கிலிருந்து புகை வந்தது. தோல் வாஷர் சுருங்கிக் கருகி, எண்ணெய் சூட்டுக் குழாயில் சொட்டுகிறது.

பின்னால் நின்றவர்களுக்கும் அது தெரிந்துவிட்டது. முப்பத்திரண்டு மூக்குக்கும் அது தொழில். கூரைமேல் தட்டினார்கள். ஒரு தட்டு தட்டினால் நிறுத்து என்று அர்த்தம், அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள். "எரியுது, எரியுது, நிறுத்துண்ணா." சிவா பதறிப்போய்ப் பிரேக்கை அழுத்தி மிதித்தான். இறக்கம் முழுக்க மிதித்ததில் ஏற்கனவே சூடேறிப் பிடிப்பு விட்டிருந்த பிரேக் அது. பெடல் தலையணையை மிதிப்பதுபோல் உள்ளே போனது. வண்டி நிற்கவில்லை.

அவன் கியரை இறக்கினான். எஞ்சின் அலறியது. கை பிரேக்கை இழுத்தான். கடைசி வளைவுக்கு முன்னால் ரோடு போடுவதற்காகக் கொட்டியிருந்த ஒரு மணல் குவியல் இருந்தது. அதில் கொண்டுபோய் ஏற்றினான். மணல் இல்லாவிட்டால் பள்ளம்தான். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

பெல்ட் என் மார்பில் இறுகி, என்னைச் சீட்டிலேயே வைத்துக்கொண்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் முப்பத்திரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து, கேபின் கம்பியில் போய் மோதினார்கள். யாரும் சாகவில்லை. எல்லோரும் சாமியைக் கும்பிட்டார்கள். கலைவாணியின் வலது மணிக்கட்டு கம்பிக்கும் ஆட்களுக்கும் நடுவில் மாட்டி ஒடிந்தது. தைக்கிற கை.

நான் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கியதை அவள் பார்த்தாள். அந்த பெல்ட்டைக் கழற்ற எனக்கு இரண்டு தடவை விரல் வழுக்கியது, அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

புகை அடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. பெண்கள் புடவையை உதறினார்கள், டிபன் டப்பாக்களைத் தேடி எடுத்தார்கள், உதட்டில் ரத்தம் வந்தவள் முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். பிறகு வரிசையாக, வேகமாக ஒடுகத்தூரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். கம்பெனி பஸ் போய்விட்டால் அரை நாள் சம்பளம் பிடித்துவிடுவார்கள். கலைவாணிக்குத் துணையாக ஒருத்தி மட்டும் நின்றாள். மற்ற முப்பது பேரும் போய் பஸ்ஸைப் பிடித்து, அன்றைய கணக்குக்குக் குறையாமல் ஷூ தைத்தார்கள். ஏதோ ஒரு நாட்டில் யாரோ அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள்.

7

ஆஸ்பத்திரியிலிருந்து கலைவாணி கட்டோடு வந்த மறுநாள் எங்கள் வீட்டு வாசலில் பேச்சு நடந்தது. சிவா, அவன் மனைவி, மேல் ஊரிலிருந்து இரண்டு பேர்.

"வாஷருதான் பேஜார் பண்ணிடுச்சு" என்றான் சிவா. "வண்டி இன்னா பண்ணும் பாவம். ஒழுங்கான பேக்கிங் போட்டா செட்டாய்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். வாஷர் என்று ஒரு குற்றவாளி கிடைத்துவிட்டதில் எல்லோருக்கும் நிம்மதி. பிரேக் என்ற சொல் ஒருவர் வாயிலும் வரவில்லை. முப்பத்திரண்டு என்ற எண்ணும் வரவில்லை. என்னுடைய நிலைமை அதைவிட அசிங்கம். வாஷர் என் யோசனை, அதனால் குற்றத்தை ஏற்றுக்கொண்டு நல்லவளாகிவிட எனக்கும் அது வசதியாக இருந்தது. அழுதேன்கூட. என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது அந்த அழுகையில்தான்.

கிளம்புகிற அன்று சிவாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். "டர்போவக் கழட்டிடு. பழையபடி ரெண்டு நடை அடி. இந்தா, இந்தப் பணத்த பிரேக்குக்கு வெச்சுக்கோ. நாலு சக்கரத்துக்கும் புதுசா போடு."

"கழட்டிடறேன்கா. நீ பயப்படாம போய்ட்டு வா."

விமானத்தில் பெட்டி லேசாக இருந்தது. போகும்போது அதற்குள் என்ன இருந்தது என்பது அந்த லேசிலேயே உறுத்திக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்து நவீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் காதிலிருந்த ஒயரைக் கழற்றி, முழுதும் கேட்டுவிட்டு, "டர்போக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று இங்கிலீஷில் கேட்டான். நான் கையை ஓங்கினேன். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை. கை அந்தரத்திலேயே நிற்க, அவன் அடுத்ததைக் கேட்டான். "அவங்க ஏன் ஸீட் இல்லாம நிக்கறாங்க? யார் பர்மிஷன் குடுத்தது?"

8

போன வாரம் கலைவாணி வாட்ஸப்பில் ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். கட்டுப் பிரித்துவிட்டார்களாம். விரல் முன்பு மாதிரி மடங்கவில்லையாம். மெஷினிலிருந்து எடுத்து, நூல் வெட்டுகிற மேஜையில் ஹெல்பராகப் போட்டிருக்கிறார்களாம். இதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டுக் குரலை மாற்றிக்கொண்டாள். "உங்க தம்பி வண்டி இப்போ சூப்பரா கீதுக்கா. நல்ல பேக்கிங் போட்டுட்டாரு, பொகையே இல்ல. பின்னாடி புடிச்சுக்க புதுசா கம்பி வெச்சு வெல்டிங் பண்ணிட்டாரு. எல்லாரும் ஒரே நடைல வந்துடறோம். ரொம்ப தேங்க்ஸ்க்கா."

பிரேக்குக்குக் கொடுத்த பணத்தில் கம்பி வைத்திருக்கிறான். சிவாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவன் நிதானமாக, "அவங்களே ஏர்றாங்கக்கா. நானா இழுத்து ஏத்தறேன்? ரெண்டு நடை போறேன்னு சொன்னா சண்டைக்கு வர்றாங்க. நான் மொள்ளத்தான் எறக்கறேன்" என்றான்.

நேற்று அந்த மின்னஞ்சல் வந்ததும், நவீன் என் கூடவே உட்கார்ந்து அந்தப் பதினோரு பக்கத்தையும் திரையில் திறந்தான். ஏழாவது கேள்வியில் நிறுத்தினான். "இத அவங்களுக்கு அனுப்பும்மா" என்றான், தமிழில். நான் அதைத் தமிழில் தாளில் எழுதினேன். ஜன்னல் அம்மாள் விரல் வைத்த அதே கேள்வி. வண்டியின் வலுவைக் கூட்டியிருக்கிறீர்கள், முழுச் சுமையோடு அது நிற்கும் என்று பிரேக் சோதிக்கப்பட்டதா, ஆம் அல்லது இல்லை, இல்லை என்றால் இந்த வண்டியைச் சாலையில் எடுக்கக் கூடாது. அதற்குக் கீழே என் கையால் ஒரு வரி சேர்த்தேன். சிவா ஆம் என்று சொல்லிக் காட்டுகிற வரைக்கும் ஒருத்தரும் ஏறாதீர்கள். படம் எடுத்துக் கலைவாணிக்கு அனுப்பினேன்.

அனுப்பிய பிறகு எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. ஏதோ செய்துவிட்டேன் என்ற பழைய திருப்திதான். எங்கிருந்து வந்தது என்று தெரிந்தும் அதை உடனே விரட்டவில்லை.

இன்று காலை பதில் வந்திருந்தது. பின்னணியில் எஞ்சின் சத்தமும், பெண்களின் பேச்சும், நான் எடுத்துப் போன டர்போவின் அந்த மெல்லிய விசிலும் கேட்டன. வண்டியில் நின்றுகொண்டேதான் பேசியிருக்கிறாள்.

"அக்கா, படிச்சேன். எல்லாருக்கும் படிச்சுக் காட்னேன். நல்லாத்தான் கேட்டுக்கீறாங்க. ஆனா நாங்க இல்லன்னு சொல்லிட்டு எறங்கிட்டா, எங்கள ஏத்திக்கினு போறதுக்கு அப்புறம் யாரு வருவாங்கன்னு அதுல ஒரு கேள்வி இல்லியேக்கா. மீதி பக்கத்துல எங்கியாச்சும் கீதா, பாத்து சொல்றீங்களா?"

முதல் பக்கத்திலிருந்து பதினோராம் பக்கம் வரைக்கும் இரண்டு தடவை படித்துவிட்டேன். அப்படி ஒரு கேள்வி எங்கேயும் இல்லை.